பதினான்காம் நாளில் நின்றுபோன சிகிச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக வாங்குகிறோம். குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை அனுப்பியதைத் தவிர இதுவரை உங்களுக்கு எதுவும் எழுதியதில்லை. இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில், புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஒரு வகைக் கதிர்ச் சிகிச்சையான புரோட்டான் சிகிச்சையைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. தலைப்பில் மட்டும் 'பக்கவிளைவே இல்லாத' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எங்கள் தெருவில் என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். இடம் இல்லையென்றால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த அம்மாளின் கதையில் கை வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மாமியார், மருமகள் இரண்டு பேருமே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். (கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) மாமியாருக்கு 57 வயது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடக்கிறது. வெளியிலிருந்து 25 நாள் கதிர், வாரத்துக்கு ஒரு கீமோ, அப்புறம் உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் கதிர். வெள்ளிக்கிழமையோடு 14 நாள் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்டுரை வந்தது. புதன்கிழமை சாயந்திரம் மருமகள் அந்தப் பக்கத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, இதுல பக்கவிளைவே இல்லைன்னு போட்டிருக்கு. அத்தைக்கு வயித்தால போய்க்கிட்டே இருக்கு, ஒரு வாய் சோறு இறங்கல. அந்தக் கரண்டை நிறுத்திட்டு இதை வச்சிரலாமா? பிளாட்டை வித்துருவோம்னு அவங்க சொல்லுதாங்க."

"நிறுத்திட்டீங்களா?"

"திங்கள்ல இருந்து போகல மாமா."

எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. ஏன் என்னிடம் வந்தாள் என்றால், 1984 முதல் 2016 வரை 32 வருடம் நான் அரசு மருத்துவமனையில் ரேடியோதெரபி டெக்னீஷியனாக இருந்தேன். தெருவில் எனக்கு 'கரண்ட் வைக்கிறவர்' என்று பெயர். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

கதிர்ச் சிகிச்சைக்கு இந்தக் 'கரண்ட்' என்ற வார்த்தை எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. டாக்டர்களும் நர்ஸ்களும்கூட நோயாளியிடம் அப்படித்தான் சொல்வார்கள், அவர்களுக்குப் புரிய வேண்டுமே. வேடிக்கை என்னவென்றால் நான் இயக்கிய கோபால்ட் மெஷினில் கதிருக்குக் கரண்டே தேவையில்லை. தலைப்பகுதிக்குள் ஈயக் கவசத்துக்கு நடுவே விரல் கனத்துக்கு ஒரு சின்ன உருளை. அதுதான் கோபால்ட்-60. அது தன் பாட்டுக்கு இரவும் பகலும் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். மின்சாரம் அதை முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும்தான். ஒரு பெரியவர், சாத்தூர்ப் பக்கத்து விவசாயி, படுக்கையில் ஏறுவதற்கு முன்னால் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "ஷாக் அடிச்சிரும்லா" என்றார். இரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, "எங்கே, ஒண்ணுமே தெரியலையே, மெஷின் ஓடுச்சா இல்லையா?" என்று சண்டைக்கு வந்தார். அவர் சந்தேகப்பட்டதும் நியாயம்தான். எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரியாதோ அப்படித்தான் இதுவும். சூடு இல்லை, வலி இல்லை, வெளிச்சம் இல்லை. எரிச்சலும் புண்ணும் இரண்டு மூன்று வாரம் கழித்து மெதுவாக வரும். அது வேறு கதை.

ஆனால் இந்த வார்த்தை செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. கரண்ட் வைத்தால் உள்ளே கருகிப்போகும் என்று ஓடிப்போனவர்களை நான் எண்ணி முடியாது. மூன்றாவது வீட்டு அம்மாளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தார்கள். இரண்டு வயதுப் பேரனை அவர் பக்கமே விடவில்லை. "பிள்ளைக்கு ஆகாதுல்லா அண்ணாச்சி" என்று அந்த அம்மாளே என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் மெஷின் நின்ற நொடியே நின்றுபோகும். உடம்பில் எதுவும் தங்காது. பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

சரி, முன்னேற்றத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையைப் படித்தால் நேற்று வரை எல்லாம் பழைய பஞ்சாங்கம், இன்றைக்கு வந்த புரோட்டான்தான் விடிவு என்பதுபோல இருக்கிறது. நான் பார்த்த முன்னேற்றம் வேறு மாதிரி. அதைச் சொல்ல என் அத்தையையும் என் தம்பியையும் கூப்பிட வேண்டும்.

அத்தைக்கு 1988-இல் கன்னத்தில் புண். வெற்றிலையும் புகையிலையும் எப்போதும் இடது பக்கம் அடக்கிக்கொள்வார், அதே இடத்தில். எங்கள் கோபால்ட் மெஷினில் நானேதான் அவருக்கு டைமர் போட்டேன். அந்த மெஷினின் கதிர் செவ்வகமாகத்தான் விழும். மூலைகளை மறைக்க ஈயக் கட்டிகளைத் தட்டில் அடுக்குவோம். ஒரு கட்டியின் எடை இரண்டு கிலோ, மூன்று கிலோ. இன்றைக்கும் என் வலது தோளில் வலி இருக்கிறது. தோலின் மேல் கார்பால் ஃபுக்சின் மையால் கோடு போடுவோம். "கோட்டை அழிச்சிராதீங்க, அந்த இடத்தில சோப்பு போடாதீங்க" என்று தினமும் சொல்லி அனுப்புவோம். வியர்வையில் அழிந்து, ரவிக்கையெல்லாம் கறையாகி வந்து நிற்பார்கள். கதிரை இடது பக்கத்திலிருந்து பாதி, வலது பக்கத்திலிருந்து பாதி கொடுப்போம். நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயும் விழும், காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் விழும். விலக்க வழி கிடையாது.

அத்தை பிழைத்தார். அதற்குப் பிறகு 11 வருடம் இருந்தார். ஆனால் அந்தப் 11 வருடமும் அவர் வாயில் எச்சில் ஊறவில்லை. எங்கே போனாலும் இடுப்பில் ஒரு சின்னச் சொம்பு. இட்லியைச் சாம்பாரில் கரைத்தால்தான் இறங்கும். முறுக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. எங்கள் வீட்டிலேயே நிறையக் கடிதம் எழுதுகிறவர் அவர்தான். இன்லேண்ட் லெட்டரை எழுதி மடித்துவிட்டு, ஓரத்தை நக்கி ஒட்ட நாக்கில் ஈரம் இல்லாமல், "ஏலே, இதை ஒட்டிக் குடு" என்று எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவார். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். டைமர் போட்டவன் நான்தானே.

2022-இல் என் தம்பிக்கு அடிநாக்கில் வந்தது. 33 நாள் கதிர், கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின், அது கீமோ மருந்து. இந்தத் தடவை மெஷின் லீனியர் ஆக்சிலரேட்டர், லினாக் என்பார்கள். எலக்ட்ரான்களை ஓட்டி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு அங்கேயே எக்ஸ்ரே உண்டாக்குகிற மெஷின். பட்டனை அணைத்தால் கதிர் இல்லை. 'பழைய ஆள்' என்று சொல்லி உள்ளே இருக்கிற பிள்ளைகள் என்னைக் கன்சோல் பக்கத்தில் நிற்க விட்டார்கள். 32 வருடம் வேலை பார்த்தவன், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முதல் நாள் கதிரே கிடையாது. மோல்ட் ரூமில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டார்கள். அது தளர்ந்து துணி மாதிரி ஆனதும் தம்பியின் முகத்தின் மேல் இழுத்துத் தோள் வரை பொருத்தினார்கள். சில நிமிடத்தில் இறுகி அவன் முகமாகவே ஆகிவிட்டது. முழுக்கத் துளை. "இடியாப்பத் தட்டை மூஞ்சியில கவுத்த மாதிரி இருக்கு" என்றான். கோடெல்லாம் அந்த முகமூடியின் மேல்தான். தோலில் மை இல்லை, குளிக்கத் தடை இல்லை. அதோடு சி.டி. எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாக எடுத்து நோயைச் சுற்றிச் சிவப்புக் கோடு, உமிழ்நீர்ச் சுரப்பியைச் சுற்றி ஒரு கோடு, தண்டுவடத்தைச் சுற்றி ஒரு கோடு என்று வரைகிறார். கதிரின் அளவைக் கணக்குப் போடுகிற இயற்பியலாளர், பிசிசிஸ்ட் என்பார்கள், அதை வைத்துத் திட்டம் போடுகிறார். நோய்க்கு 66 கிரே (கதிரை அளக்கிற அலகு) வேண்டும், சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்று கணக்குக் கொடுத்தால், கம்ப்யூட்டர் மல்லுக்கட்டி வழி கண்டுபிடிக்கிறது. இதற்கே ஒரு வாரம் ஆனது. தம்பி மனைவிக்கு ஒரே பதற்றம், "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மச்சான்" என்று. அந்த ஒரு வாரம்தான் மொத்தச் சிகிச்சையிலும் பெரிய வேலை என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மெஷினின் வாயில் டங்ஸ்டன் இதழ்கள், 60 ஜோடி. ஹார்மோனியக் கட்டை மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக முன்னே பின்னே போகிறது. மெஷின் தம்பியைச் சுற்றி வரும்போதே இதழ்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் மூன்று கிலோ ஈயக் கட்டியைத் தூக்கி வைத்துச் செய்ததை இது ஒரு சுற்றில் நூறு தடவை மாற்றி மாற்றிச் செய்கிறது. தண்டுவடத்தைச் சுற்றி லாடம் மாதிரி வளைந்துகொண்டு கதிர் போய் விழுகிறது. அதற்கு முன் தினமும் மெஷினிலேயே ஒரு சி.டி. எடுத்து, திட்டம் போட்ட படத்தோடு ஒப்பிட்டு, இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் மேசையை நகர்த்துகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் அரை சென்டிமீட்டர் தவறினால் பரவாயில்லை என்று விடுவோம். வேறு வழியும் இல்லை.

இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். பழைய முறையில் ஒரு வருடம் கழித்து 74 சதவீதம் பேருக்கு வாய் வறட்சி குறிப்பிடும் அளவுக்கு இருந்தது. சுரப்பியை ஒதுக்கிக் கொடுத்தபோது 38 சதவீதம். முழுக்க ஒழியவில்லை, பாதியானது. தம்பியின் அனுபவமும் கிட்டத்தட்ட இதேதான். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கினால் கண்ணில் நீர் வரும். ஏழு கிலோ குறைந்தான். ரசமும் மண்ணும் ஒரே ருசி என்றான். கதிர் முடிந்து ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி எனக்குப் போன் போட்டு, "அண்ணே, பெருங்காயம் தெரியுது" என்றான். இன்றைக்கும் ராத்திரி எழுந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறான். ஆனால் போன தீபாவளிக்கு முறுக்குத் தின்றான். ஆசிரியர் அவர்களே, முன்னேற்றம் என்று நான் சொல்வது இதைத்தான். இதைப் பக்கவிளைவே இல்லாத சிகிச்சை என்று நான் சொன்னால் தம்பி என்னை அடிக்க வருவான்.

இன்னொரு முன்னேற்றத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. படம் எடுத்துப் போட அதில் எதுவும் கிடையாது என்பதால் இருக்கலாம். நாள் குறைந்த கதைதான் அது. நான் வேலை பார்த்த காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 25 நாள், ஐந்து வாரம். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் ஐந்து வாரம் தினமும் வர வேண்டும் என்றால் என்ன ஆகும்? கூலி போகும், ஆடு மாட்டை யார் பார்ப்பது, துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். பதினைந்தாம் நாள் வாக்கில் ஆளைக் காணோம் என்று ரெஜிஸ்டரில் எழுதுவோம். பிறகு நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு வைத்து 15 நாளில் முடிக்கலாம் என்று வந்தது. பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தும் பழைய முறைக்குக் குறைவாக இல்லை. 2020-இல் பிரிட்டனிலிருந்தே இன்னொரு ஆய்வு: ஐந்தே நாள், மொத்தம் 26 கிரே, ஐந்து வருட முடிவு 15 நாளைக்குச் சளைக்கவில்லை. கொரோனா நேரம் வேறு, பல நாட்டில் உடனே பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஐந்து நாள் பொருந்தாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிராஸ்டேட் புற்றுநோயிலும் ஏழு எட்டு வாரம் என்பது நான்கு வாரமாகியிருக்கிறது. எலும்புக்குப் பரவிய வலிக்கு ஒரே ஒரு நாள், 8 கிரே. பத்து நாள் அலைந்து வாங்குகிற நிவாரணத்துக்கு அது குறைந்ததில்லை. கோடிக்கணக்கில் மெஷின் வாங்காமல் வெறும் கணக்கை மாற்றியதில் வந்த லாபம் இது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எனக்குத் தெரியவில்லை.

இடது மார்பில் கதிர் வைக்கும்போது இதயத்தில் படாமல் இருக்க மூச்சை நன்றாக உள்ளிழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் விரிந்து இதயத்தை நெஞ்சுச் சுவரிலிருந்து தள்ளிவிடும். இருபது நொடி மூச்சுப் பிடித்தால் இதயம் தப்பிக்கிறது. கிணற்றில் முங்கு நீச்சல் அடித்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரிகள் இதில் முதல் நாளே தேறிவிடுவார்கள்.

இப்போது புரோட்டானுக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை. 1946-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் எழுதிவைத்த யோசனை அது. எக்ஸ்ரே பாசஞ்சர் ரயில் மாதிரி. வழியில் எல்லா ஸ்டேஷனிலும் கொஞ்சம் கொஞ்சம் சரக்கை இறக்கிக்கொண்டே போய், நம் ஊரையும் தாண்டி அந்தப் பக்கமும் இறக்கும். புரோட்டான் வழியில் குறைவாக இறக்கும், சொன்ன ஸ்டேஷன் வந்ததும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அந்தப் பக்கம் போகாது. வளரும் குழந்தையின் மூளையிலோ முதுகுத்தண்டிலோ கட்டி என்றால் இது பெரிய வரம். மண்டையோட்டின் அடியில், கண்ணுக்குள், ஏற்கெனவே கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி என்றாலும் யோசிக்க வேண்டியதுதான். சென்னையில் ஒரு தனியார் மையம் 2019 முதல் இயங்குகிறது. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையமும் தொடங்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் வழியில் 'குறைவாக' இறக்கும் என்றுதான் சொன்னேன், இறக்கவே இறக்காது என்று சொல்லவில்லை. பக்கவிளைவு இல்லாத கதிர் என்று ஒன்று உலகத்தில் இல்லை.

மூன்றாவது வீட்டு அம்மாளின் நோய்க்கு விஷயமே வேறு. கர்ப்பப்பை வாய்க்கு வெளிக்கதிர் பாதி வேலைதான். மீதிப் பாதி, உள்ளே குழாய் வைத்து அரிசிமணி அளவுள்ள ஒரு கதிர்மணியைக் கட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவது. லாந்தர் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரடி தூரத்தில் இருந்ததை இரண்டடி தூரத்துக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, நாலில் ஒன்றாகும். மணிக்கு ஒட்டி இருக்கிற கட்டியில் கதிர் கொட்டும், கொஞ்சம் தள்ளி இருக்கிற மூத்திரப்பையிலும் குடலிலும் சட்டென்று குறைந்துவிடும். புரோட்டானை வைத்து இந்த வேலையைத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் இரிடியம்-192 பயன்படுத்துகிறார்கள். 74 நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும், அதனால் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை மாற்ற வேண்டும். இப்போது பல இடங்களில் அதற்குப் பதில் கோபால்ட் மணியே வந்துவிட்டது. என் பழைய சிநேகிதன் இளைத்துக் குட்டியாகி உள்ளே போகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

இவ்வளவையும் மருமகளிடம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். வெளிக்கதிர், உள்கதிர் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கதிரில் அடிபட்ட புற்றணு சும்மா இருப்பதில்லை. மூன்றாவது நான்காவது வாரத்தில் மிச்சமிருப்பது வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். நாம் நடுவில் நிறுத்தினால் அதற்குத்தான் ஓய்வு கொடுக்கிறோம். பிளாட்டை விற்று, சென்னைக்குப் போய், டோக்கன் வாங்கி, மறுபடி சி.டி. எடுத்து, ஆரம்பிப்பதற்குள் ஒரு மாதம் போய்விடும். போய்க் கேட்டாலும் உள்கதிர் வை என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். வயிற்றுப்போக்கை டியூட்டி டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். சொல்லாமல் இவர்களே நிறுத்திவிட்டார்கள்! வியாழக்கிழமை காலை நானும் கூடப் போனேன். மாத்திரையும் ஓ.ஆர்.எஸ்.ஸும் கொடுத்தார்கள், பாலையும் காரத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு நாளில் கட்டுப்பட்டுவிட்டது. விட்டுப்போன மூன்று நாளைக் கேட்டதும் அந்த இளம் டாக்டரின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அவர் நோயாளியைத் திட்டவில்லை. நல்ல பிள்ளை.

நோயாளி நிறுத்தினால்தான் தப்பு, மெஷின் நின்றால் பரவாயில்லை என்று இருந்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 19-வது நாள் போனபோது வாசலில் 'மெஷின் பழுது' என்று அட்டை தொங்கியது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன், அங்கே வேலை பார்க்கிறவர்கள் மேல் தப்பில்லை. மெஷினைக் குளிர்விக்கிற சில்லரில் ஒரு பாகம் போய்விட்டது. பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும், அதற்கு யாரோ கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வேலை நாள் போயிற்று. மரத்தடியில் முப்பது நாற்பது பேர், தூக்குவாளியும் ஃபைலுமாக, இன்றைக்குச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சிலருக்கு ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தடவை கொடுத்து நாளை ஈடுகட்டினார்கள். டெக்னீஷியன் பிள்ளைகள் ராத்திரி பதினொன்று வரை நின்றார்கள்.

கோபால்ட் இப்படிப் படுத்தாது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. கரண்ட் கட் வருகிற ஊரில், ஏ.சி. இல்லாத ஊரில், அது பாட்டுக்கு ஓடும். நம் பாபா அணு ஆராய்ச்சி மையமே பாபாட்ரான் என்று ஒன்றை வடிவமைத்து, அது வெளிநாட்டுக்கும் போனது. ஆனால் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும். கோபால்ட்டின் வீரியம் மாதம் ஒரு சதவீதம் குறையும், ஐந்தேகால் வருடத்தில் பாதி. நான் சேர்ந்தபோது எங்கள் மெஷினில் பழைய சோர்ஸ், அதாவது கதிர் விடுகிற அந்தக் கோபால்ட் உருளை. புதியதில் ஒரு நிமிடத்தில் முடிவது எங்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. நாளுக்கு எண்பது பேர். கடைசி ஆள் இறங்கும்போது ராத்திரி ஒன்பது மணி ஆகும். கடைசி பஸ் போயிருக்கும். வராந்தாவிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். புது சோர்ஸ் வர மூன்று வருடம் ஆயிற்று. ஆக, எந்த மெஷினாக இருந்தாலும் அதைப் பராமரிக்கப் பணமும் ஆளும் வேண்டும். வாங்கும்போது இருக்கிற உற்சாகம் அதற்கு இருப்பதில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எந்த ஊரிலாவது புதிய லினாக் திறந்துவைத்த படம் போடும்போது, கூடவே நான்கு விஷயம் விசாரித்துப் போடுங்கள். அங்கே எத்தனை பிசிசிஸ்ட், எத்தனை டெக்னீஷியன், பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, இன்றைக்குப் பெயர் கொடுத்தால் எத்தனை நாள் கழித்து முதல் சிட்டிங். அந்தக் கடைசி எண் மட்டும் போட்டால்கூடப் போதும். அப்புறம், அந்த 'பக்கவிளைவே இல்லாத' என்பதற்கு ஒரு திருத்தம். மூலையில் போட்டாலும் சரி, நான் கத்தரித்து மூன்றாவது வீட்டில் கொடுத்துவிடுவேன். நடந்துகொண்டிருக்கிற சிகிச்சையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி சேருங்கள். புற்றுநோயாளிக்குச் சிகிச்சைக்குப் போய்வர ரயில் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கும் உண்டு, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று இன்னொரு வரி போட்டால் புண்ணியமாகப் போகும். நான் வேலையில் இருந்தபோது பாதிப் பேருக்கு இது தெரியாது, இப்போதும் தெரியவில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். தம்பி விஷயத்தை எழுதியிருக்கிறேன், அவன் வீட்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

நாளை திங்கள், அந்த அம்மாளுக்கு 22-வது நாள். மகனுக்கு நைட் ஷிப்ட், அதனால் 5.40 பஸ்ஸுக்கு என் டிவிஎஸ்-50-யில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. நாலரைக்கு எழ வேண்டும், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோதெரபி டெக்னீஷியன்,
கோவில்பட்டி.